ஓடுகிற கணினிக்குத் தகுதி இல்லையாம்!

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாறிக்கொள்ளுங்கள் என்கிறது. மாறப் போனால், உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கணினிகளின் திரையில் ஒரே பதில்தான் வருகிறது: குறைந்தபட்சத் தகுதிகளை இந்தக் கணினி நிறைவு செய்யவில்லை.

முந்தைய நாள் வரை ஓடிய கணினிதான். மறுநாளும் ஓடுகிறது. திரை உடையவில்லை, விசைப்பலகை தேயவில்லை. ஆனாலும் தகுதி இல்லை.

'தகுதி' என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குக் காது விடைத்துக்கொள்ளும். கல்வியிலும் வேலையிலும் நாம் கால் வைத்த ஒவ்வொரு படியிலும் அந்தச் சொல்லைத்தான் குறுக்கே போட்டார்கள். இடஒதுக்கீடு வந்தபோது தகுதி போச்சு என்றார்கள். நீட் வந்தபோது தகுதி வந்தாச்சு என்றார்கள். தகுதியை யார் வரையறுக்கிறார், அந்த வரையறையால் யாருக்கு லாபம் என்ற கேள்வியைத்தான் நாம் எப்போதும் கேட்டுவருகிறோம். கணினி விஷயத்திலும் அதைக் கேட்டாக வேண்டும். கணினிக்குச் சாதி கிடையாது. ஆனால் எந்தக் கணினி யார் வீட்டில் இருக்கிறது என்பதற்குச் சாதி உண்டு.

முதலில் அந்தத் தகுதிப் பட்டியலைப் பார்ப்போம். 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, பாதுகாப்பான தொடக்க வசதி ஆகியவை வேண்டும். இவையெல்லாம் இருந்தாலும் செயலி ஒரு குறிப்பிட்ட பட்டியலில் இடம்பெற வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்துதான் அந்தப் பட்டியல் தொடங்குகிறது. சுருக்கமாகச் சொன்னால், 2017க்கு முன் செய்த கணினி எதுவும் கிட்டத்தட்ட உள்ளே வர முடியாது.

டிபிஎம் சில்லு வீண் என்று நான் சொல்லவில்லை. கடவுச்சொல்லையும் மறைகுறியாக்கச் சாவியையும் காப்பதில் அதற்குப் பயன் உண்டு. ஆனால் பட்டியலுக்கு வெளியே இருக்கும் கணினியால் விண்டோஸ் 11ஐ இயக்கவே முடியாது என்பது உண்மையில்லை. டிபிஎம் 1.2 மட்டும் இருக்கும் கணினியில், பட்டியலில் இல்லாத செயலியோடு, பதிவேட்டில் ஒரு மதிப்பை மாற்றி மேம்படுத்திக்கொள்ளும் வழியை மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கத்தில் சில ஆண்டுகள் வெளியிட்டு வைத்திருந்தது. ரூஃபஸ் போன்ற இலவசக் கருவிகள் அந்தச் சோதனையைத் தாண்டி நிறுவ உதவுகின்றன. அப்படி நிறுவிய கணினிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

உண்மையான தடையும் ஒன்று உண்டு. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கு எஸ்எஸ்இ 4.2, பாப்கவுன்ட் ஆகிய கட்டளைகள் செயலியில் இருந்தே தீர வேண்டும். கோர் 2 காலத்துச் செயலிகளில் அவை இல்லாததால் அதில் இயங்காது. இது பொறியியல் தடை. அந்தத் தடைக்கும் 8ஆம் தலைமுறை என்று போட்ட கோட்டுக்கும் இடையே பல ஆண்டுக் கணினிகள் கிடக்கின்றன. அவற்றை வெளியே நிறுத்தியிருப்பது இயலாமை அல்ல, ஒரு நிறுவனத்தின் முடிவு.

இந்த முடிவு அசைக்க முடியாததும் அல்ல. விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பு வேண்டுமானால் 30 டாலர் கட்டு, அல்லது உன் அமைப்புகளை எங்கள் மேகத்தில் சேமி, அல்லது எங்கள் வெகுமதிப் புள்ளிகளைக் கொடு என்று மைக்ரோசாஃப்ட் நிபந்தனை வைத்தது. ஐரோப்பாவின் நுகர்வோர் அமைப்புகள் கேள்வி கேட்டன. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் மட்டும், காசும் வேண்டாம், மேகச் சேமிப்பும் வேண்டாம் என்று நிறுவனம் இறங்கிவந்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. நாம் கேட்கவில்லை.

நம்மிடம் இருப்பவை எந்தக் கணினிகள்? 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்த 50 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மடிக்கணினி கிடைத்தது. அந்தப் பள்ளிகளில் படிப்பவர்கள் யார் என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தலித், மிகப் பிற்படுத்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட குடும்பங்களில் முதன்முதலாக நுழைந்த கணினி பெரும்பாலும் அதுதான். 2012இல் பிளஸ் டூ முடித்த என் வகுப்பில் அதற்கு முன் சொந்தக் கணினி வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை.

சித்தன்னவாசலைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்த மடிக்கணினி இன்றும் உண்டு. அக்கா படித்தது, பிறகு தம்பி படித்தது, இப்போது அண்ணன் மகள் பாட்டு கேட்பது. மின்கலம் செத்துப் போயிருக்கும், சார்ஜர் வயரைச் செருகினால்தான் எழும். தொடக்க ஆண்டுகளில் வந்தவை 2 ஜிபி நினைவகமும் விண்டோஸ் 7உம் கொண்டவை. 2020 ஜனவரியில் விண்டோஸ் 7க்கான ஆதரவு முடிந்தது. 2023 தொடக்கத்தில் குரோம் உலாவியும் விண்டோஸ் 7, 8.1 இரண்டையும் கைவிட்டது. அதன்பின் வலைத்தளங்கள் ஒவ்வொன்றாகத் திறக்க மறுத்தன. வீட்டில் கணினி இருந்தும் பிரவுசிங் சென்டருக்கு நடக்கும் நிலை இப்படித்தான் வந்தது.

பிரவுசிங் சென்டருக்குப் போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். நாம் இருப்பது அன்னவாசல் ஒன்றியம். வேங்கைவயலும் இதே ஒன்றியம்தான். 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருப்பது வெளிவந்த ஊர். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வன்கொடுமைப் புகாரை யார் கடையில் உட்கார்ந்து தட்டச்சு செய்வது? தகவல் அறியும் உரிமை மனுவை யார் கணினியில் சேமித்து வைப்பது? கடைக்காரர் எந்தத் தெரு, அவருடைய மச்சான் யார் என்று பார்த்துத்தான் ஒருவர் வாய் திறக்க வேண்டியிருக்கிறது. சேரியில், நம் வீட்டுக்குள், நம் கையில் ஒரு கணினி ஓடுவது ஆடம்பரம் இல்லை. எழுதும் உரிமையைப் பிறர் தயவில் வைக்காமல் இருப்பதற்கான வழி அது.

வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. 4 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நன்றாக ஓடும். மின்ட் 22க்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. 2 ஜிபி மட்டும் இருந்தால் ஆன்டிஎக்ஸ் போன்ற இலகுவான லினக்ஸைப் போடலாம். உலாவியில் ஓரிரண்டு பக்கங்களை மட்டும் திறந்து பழகிக்கொள்ள வேண்டும். பழைய சுழலும் வன்தட்டைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால், புதிய மடிக்கணினி விலையில் சிறு பங்குச் செலவில் வேகம் கண்கூடாகக் கூடும். லிப்ரே ஆபிஸில் ஆய்வேடு எழுதலாம், தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்யலாம். ஒரே எச்சரிக்கை: நிறுவுவதற்கு முன் சான்றிதழ்களையும் படங்களையும் வேறொரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிட வேண்டும். தட்டை அழித்து நிறுவினால் அவை திரும்பி வராது.

விண்டோஸ் 11ஐயே குறுக்கு வழியில் போட்டுக்கொள்கிறேன் என்பவர்களைத் தடுக்கத் தேவையில்லை. ஆனால் புதுப்பிப்புக்கு நிறுவனம் உத்தரவாதம் தராது, பெரிய பதிப்பு வரும்போதெல்லாம் அதே வேலையை மறுபடி செய்ய நேரலாம் என்று தெரிந்துகொண்டு செய்யட்டும்.

லினக்ஸ் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று பரப்புரை செய்வதும் சரியில்லை. டேலி பயிற்சிக்கு விண்டோஸ் வேண்டும். சில தேர்வு மென்பொருள்களும் கைரேகைக் கருவிகளும் விண்டோஸை மட்டுமே ஏற்கின்றன. அதற்காக ஊருக்கு ஒரு விண்டோஸ் 11 கணினியைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாமே தவிர, வீட்டுக்கு வீடு 40,000 ரூபாய் கடன் வாங்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாதையும் அல்ல. 2006க்குப் பிந்தைய ஆண்டுகளில் எல்காட் மேலாண்மை இயக்குநராக இருந்த தலித் ஐ.ஏ.எஸ். அதிகாரி சி. உமாசங்கர், அரசு அலுவலகங்களையும் பள்ளிகளையும் லினக்ஸுக்கு மாற்ற முனைந்தார். நிறுவனங்களின் உரிமக் கட்டணத்தைக் கேள்வி கேட்டார். பின்னர், 2010 ஜூலையில் அவருடைய சாதிச் சான்றிதழ் பற்றிய குற்றச்சாட்டின் பேரில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். எதிர்ப்பு எழுந்ததும் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. லினக்ஸுக்காகத்தான் அது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனை உயரத்துக்குப் போனாலும் நம்மவரிடம் கடைசியில் கேட்கப்படுவது தகுதிச் சான்றிதழ்தான் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். அவர் போனதும் அந்த முனைப்பும் தளர்ந்தது. பக்கத்துக் கேரளமோ ஏறக்குறைய 20 ஆண்டுகளாகப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளிலேயே நடத்துகிறது. பள்ளிகளுக்கென்றே தனி லினக்ஸ் பதிப்பை அங்கே கைட் நிறுவனம் பராமரிக்கிறது. அதை மாணவர் மன்றங்களே பிறருக்குச் சொல்லித்தருகின்றன.

கருவியைக் கொடுத்தால் மட்டும் போதாது என்பதைப் புதுக்கோட்டை மாவட்டம் ஏற்கனவே நாட்டுக்குச் சொல்லியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தை மட்டும் கற்றுத்தரவில்லை. ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிளிலும் ஏற்றியது. கல்குவாரியில் வேலை செய்த பெண்கள், வயலில் வேலை செய்த பெண்கள், தலித் பெண்கள் எல்லோரும் கேலியைப் பொருட்படுத்தாமல் ஓட்டினார்கள். கூடவே ஓடிவந்து பிடித்துக்கொள்ள ஒருவர் இருந்ததால் அது நடந்தது. மடிக்கணினித் திட்டத்தில் நமக்கு அந்த ஒருவர் வாய்க்கவில்லை. பெட்டியைக் கொடுத்துவிட்டு, பையில் முதலமைச்சர் படத்தைப் போட்டுவிட்டு, அரசு ஒதுங்கிக்கொண்டது.

பழையதைப் புதுப்பித்துப் பயன்படுத்துவது கௌரவக் குறைச்சல் என்ற எண்ணமும் நம்மிடையே உண்டு. சித்தன்னவாசல் அறிவர் கோயிலில் இருக்கும் கல்வெட்டு என்ன சொல்கிறது? 9ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் பழைய குடைவரையைப் புதுப்பித்து முன்னால் ஒரு மண்டபத்தையும் எடுத்தார் என்கிறது. அதே குன்றின் ஏழடிப்பட்டத்தில் தமிழ் பிராமி எழுத்தும், பல நூற்றாண்டு கழித்து வந்த எழுத்தில் துறவிகளின் பெயர்களும் ஒரே இடத்தில் கிடக்கின்றன. வேதத்தை ஏற்காத சமணர்கள் பழைய பாறையைக் கழித்துவிடவில்லை. பெரியாரும் அப்படித்தான். 1935இல் குடிஅரசில் அவர் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம் மொழியை எளிய மக்களுக்கும் அச்சுக்கும் தோதாக மாற்றியது. அரசு அதை ஏற்க 1978 ஆனது. ஆட்களுக்கு ஏற்பக் கருவியைத் திருத்துவது நம் மரபு.

தூக்கியெறிந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மடிக்கணினி காயலான் கடைக்குப் போகும். அங்கிருந்து செம்புக்காக வயரை எரிக்கும் கைகளுக்குப் போகும். ஈயமும் பாதரசமும் யார் நுரையீரலுக்குப் போகும்? மலக்குழியில் யாரை இறக்குகிறார்களோ அந்த வரிசையில்தான் இந்த நாடு மின்கழிவுக்கும் ஆள் தேடுகிறது. மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஆனால் பழைய கணினியை இன்னும் ஐந்து ஆண்டு ஓடவைப்பதைப் போன்ற கழிவு மேலாண்மை வேறில்லை.

2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் ஏற்கனவே கொடுத்த 50 லட்சத்துக்கு யார் பொறுப்பு? எல்காட் தான் வழங்கிய ஒவ்வொரு மாதிரிக்கும் சோதித்த லினக்ஸ் பதிப்பை வெளியிட வேண்டும். அரசுப் பள்ளிகளின் ஹைடெக் ஆய்வகங்களில் விடுமுறை நாள் முகாம் நடத்த வேண்டும். இல்லம் தேடிக் கல்வியில் உழைத்த தன்னார்வலர்களுக்கு இதில் பயிற்சியும் ஊதியமும் தரலாம். இனி வரும் ஒப்பந்தங்களில் 10 ஆண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பும் உதிரிபாகமும் கட்டாயமாக வேண்டும். உதவித்தொகை, தேர்வு விண்ணப்பத் தளங்கள் எந்த இயங்குதளத்திலும் திறக்க வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று நாம் காத்திருக்கவும் முடியாது. அம்பேத்கர், பெரியார் பெயரில் நடக்கும் படிப்பகங்கள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்றவை கிராமத்து மாணவர்களுக்கு இந்த வேலையை ஏற்கனவே சொல்லித்தருகின்றன. அவர்களை அழைப்போம். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு பென் டிரைவ், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், சொல்லித்தர ஒரு தோழர் போதும். பரணில் தூங்கும் மடிக்கணினிகளை எடுத்து வாருங்கள். ஓடுமா ஓடாதா என்பதை நாமே ஓட்டிப் பார்த்து முடிவு செய்வோம்.