எல்லை மாறியது, தண்ணீர் நின்றது: நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு என்ன ஆகும்?

ஒவ்வொரு நவராத்திரிக்கும் மூன்று சாமிகள் மாநில எல்லையைத் தாண்டிப் போகின்றன. சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை, வேளிமலை முருகன், பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி. களியக்காவிளையில் கேரள அரசின் வரவேற்பு, திருவனந்தபுரத்தில் பூஜை, முடிந்ததும் ஊர் திரும்பல். அந்த ஊர்வலம் கிளம்பும் பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில். அதைப் பராமரிப்பதோ கேரள தொல்லியல் துறை. இதில் பெரிய சண்டை எதுவும் கிடையாது.

ஆனால் தண்ணீர் விஷயம் அப்படி இல்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் பலர் உயிரிழந்தார்கள். 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் கிடைத்தன. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை கிடைக்கவில்லை.

அந்த நெய்யாற்றின்கரைப் பக்கம்தான் சிக்கல். நெய்யாறு பாசனத் திட்டம் யோசிக்கப்பட்டபோது இரு பக்கமும் ஒரே மாநிலம். அதனால் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வரை வந்தது. இங்கே சுமார் 9,200 ஏக்கர் பாசனம் பெற்றது. 2004-ல் கேரளா தண்ணீரை நிறுத்தியது. நெய்யாறு இரு மாநில நதியே இல்லை என்பது அவர்கள் வாதம். 2012-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. சாமிக்குத் திறந்த எல்லை, வாய்க்காலுக்கு மூடிவிட்டது.

சரி, தண்ணீர் இருக்கிற கிழக்குப் பக்கம் எப்படி? தோவாளை, அகஸ்தீஸ்வரம் சேர்ந்ததுதான் பழைய நாஞ்சில் நாடு. நாஞ்சில் என்றாலே கலப்பைதான். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் இதுதான். இங்கே பயிருக்குப் பெயர் குறுவை, சம்பா இல்லை, கன்னிப்பூ, கும்பப்பூ. இரண்டுமே மலையாள மாதப் பெயர்கள். 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் இந்தக் கடைமடை வரை வரும்.

இப்போது அந்த வயல்களில் பிளாட் கற்கள் நடப்படுகின்றன. நாகர்கோவிலைச் சுற்றிப் போய்ப் பார்த்தால் தெரியும். நான்குவழிச் சாலைக்காகவும் வயலும் குளமும் மண்ணால் மூடப்பட்டன. ஒரு குளம் போனால் அதன் கீழிருக்கும் அத்தனை வயலும் போகும், ஏனென்றால் இங்கே குளங்கள் ஒன்றுக்கொன்று தொடுத்தவை.

எல்லைக்கு அந்தப் பக்கம் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது: 2008-ன் கேரள நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம். (2018 திருத்தத்தில் கட்டணம் கட்டி வகைமாற்றம் செய்ய வழி திறந்துவிட்டார்கள், அது வேறு கதை.) தமிழ்நாட்டில் 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவுக்கு மட்டும். அதுவும் எண்ணெய், எரிவாயு மாதிரியான தொழில்களைத்தான் தடுக்கும், வீட்டுமனையை அல்ல. நஞ்சையை மனையாக்க ஆட்சியரின் இசைவு வேண்டும் என்ற விதி உண்டு. ஆனால் அது ஒவ்வொரு மனுவாகப் பார்க்கும் விதி. இருபது பேர் தனித்தனியாக அனுமதி வாங்கினால் ஒரு ஏலா முழுக்கப் போச்சு என்பதை எந்த மனுவும் காட்டாது.

என் பார்வையில் குமரிக்குத் தேவை அந்த ஏலாவையும் அதன் குளத்தையும் சேர்த்து ஒரே அலகாகப் பாதுகாக்கும் சட்டம்தான். டெல்டாவுக்குத் தனிச் சட்டம் போட முடிந்த அரசுக்கு இது முடியாத காரியமில்லை. விலைதான் தடை. வயலாக இருந்தால் வருஷத்துக்கு இரண்டு அறுவடை. மனையாக விற்றால் பிள்ளையின் படிப்பும் கல்யாணமும் ஒரே நாளில் முடிந்துவிடும். அந்தக் கணக்குக்குப் பதில் சொல்லாமல் விற்காதே என்று மட்டும் விவசாயியிடம் சொல்லிப் பயனில்லை.

ஊரில் தாத்தா பெயரில் வயல் இருந்து, அதை விற்கலாமா என்று வீட்டு வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடுகிறதா? முதலில் பட்டாவில் நஞ்சையா என்று பாருங்கள். அப்புறம் அதற்குத் தண்ணீர் வருவது எந்தக் குளத்திலிருந்து என்று கேளுங்கள்.