செம்பனையின் தாயகத்தை மறைக்காதீர்



செம்பனைப் பாடத்தை நம்மில் பலர் 1917-இல், சிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்திலிருந்தே தொடங்குகிறோம். அம்மரத்தின் வரலாறே அங்குதான் பிறந்தது போல! இதனை வன்மையாக மறுக்கிறேன். செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். கனியைப் பிழிந்து செந்நிற எண்ணெயெடுத்துச் சமைத்தும், கள் இறக்கியும், ஓலையால் கூரை வேய்ந்தும் அம்மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அதனோடு வாழ்ந்து வருகின்றனர்.

நம் நாட்டிலோ, தோட்டத் தொழிலாளர்கள் பெண் பூக்களுக்குக் கையால் மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. 1981-இல் கேமரூன் நாட்டுச் சிறு வண்டு கொண்டுவரப்பட்ட பின்னரே அவ்வேலை ஒழிந்தது. மரமும் அவர்களுடையது, வண்டும் அவர்களுடையது. புகழ் மட்டும் தோட்ட முதலாளிக்கா?

நம் முன்னோர் உழைப்பை எவரேனும் மறைத்தால் கொதித்தெழும் நாம், ஆப்பிரிக்கரின் அறிவை மறைக்கலாமா? இனி இப்பாடத்தை ஆப்பிரிக்காவிலிருந்தே தொடங்குவோம்.