பெயரில் ஒளிந்த ஏவுகணை

காலணிக்கு நைக்கி என்னும் வெற்றித் தேவதையின் பெயரையும், நிலவுக்குச் சென்ற விண்கலத்திற்கு அப்பல்லோவின் பெயரையும் சூட்டியதை நாம் குறைகூறப் போவதில்லை. போர்க்கருவிகளுக்குக் கிரேக்கப் புராணத்தில் பெயர் பொறுக்குவதைத்தான் நம்மால் பொறுக்க இயலவில்லை.

அமெரிக்கா 1954-இல் நிறுத்திய வான்காப்பு ஏவுகணை, பின்னர் நைக்கி அஜாக்ஸ் எனப் பெயர் பெற்றது. அஜாக்ஸ் யார்? சித்தம் கலங்கி, பகைவரென்றெண்ணி ஆட்டு மந்தையை வெட்டிச் சாய்த்து, தெளிந்தபின் தன் வாள்மீதே வீழ்ந்து மாண்டவன். 1958-இல் அணுகுண்டும் சுமக்கவல்ல நைக்கி ஹெர்குலிஸ் வந்தது. அந்த ஹெர்குலிசோ வெறியில் தன் பிள்ளைகளையே கொன்றவன். பெயரிட்டவர்கள் கதையைப் பாதியிலேயே மூடிவிட்டார்கள் போலும்! 1963 முதல் 1987 வரை ஏவுவதற்கு ஆயத்தமாய் நின்ற டைட்டன்-2, ஹிரோஷிமாக் குண்டைவிட ஏறத்தாழ 600 மடங்கு ஆற்றல் கொண்ட குண்டைச் சுமந்தது. எண்ணைச் சொன்னால் குலை நடுங்குகிறது. டைட்டன் என்றாலோ காவியம் போல் ஒலிக்கிறது. இந்த மயக்கத்திற்காகவே அப்பெயர்கள் வேண்டப்படுகின்றன.

நாமும் ஒருமுறை பெயருக்காக வழக்காடினோம். டெக்சாஸ் நகரொன்றை முன்னிட்டு ஒரு போர் நீர்மூழ்கிக்கு 'கார்ப்பஸ் கிறிஸ்டி' எனப் பெயரிட்டபோது, கிறிஸ்துவின் திருவுடலைக் குறிக்கும் சொல் கொலைக்கலத்திற்கு ஆகாதெனக் கத்தோலிக்கர் எதிர்த்தனர். 1982-இல் முன்னே 'சிட்டி ஆஃப்' எனச் சேர்த்தார்கள். கலம் மட்டும் அப்படியே இருந்தது.