கழுத்து ஆபரேஷனும் ரத்தத்தின் குணமும்

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது" என்று டாக்டர் சொன்னதும் சொந்தக்காரர்கள் எல்லாம் காப்பி குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். கழுத்து ரத்தக்குழாய் ஆபரேஷனில் மட்டும் அதற்கடுத்த சில மணி நேரம் கொஞ்சம் பயப்பட வேண்டிய நேரம்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனியில் கொழுப்பு படிந்தால், குழாயைக் கீறி, படிந்ததைச் சுரண்டி எடுத்துத் தைப்பார்கள். 1991-ல் வெளியான நாஸ்செட் ஆய்வுதான் இதற்குப் பெரிய ஆதாரம். சின்னதாக ஒரு பக்கவாதமோ அதன் அறிகுறியோ வந்து, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பும் இருப்பவர்களில், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு இரண்டு வருடத்தில் அதே பக்கம் பக்கவாதம் வரும் வாய்ப்பு 26 சதவீதம். ஆபரேஷன் செய்தவர்களுக்கு 9. ஆனால் ஆபரேஷனை ஒட்டிய நாட்களிலேயே 5.8 சதவீதம் பேருக்குப் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. பி.காம் கண்ணுக்கு இது இன்ஷூரன்ஸ் பிரீமியம்தான். ஆனால் ரொம்பக் கொடூரமான பிரீமியம், அதுவும் முன்பணம்!

சரி, இந்தப் பிரீமியத்தைக் குறைக்க வழி உண்டா?

சுரண்டிய இடம் பச்சைப் புண். அதில் ரத்தத்தட்டுகள் ஒட்டிக்கொண்டு, துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து மூளைக்குப் போகின்றன. நெற்றிப்பொட்டில் டாப்ளர் கருவியை வைத்தால் அவை கடந்துபோகும் சத்தமே கேட்கும். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் ஆபத்து.

நம் ஊரில் உடனே "தையல் சரியில்லை" என்போம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகர மருத்துவர்கள், வெவ்வேறு சமயத்தில் இரண்டு பக்கமும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களைக் கவனித்தார்கள். ஒரு பக்கம் அதிகம் துணுக்கு விட்டவர்களே மறுபக்கமும் விட்டார்கள். அப்படியென்றால் கைவேலையை விட அந்த ஆளின் ரத்தத்தட்டுகளின் குணத்துக்குத்தான் பங்கு அதிகம். 2004-ல் அவர்களே 100 பேரிடம் சோதித்தார்கள். எல்லோரும் ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள். முதல்நாள் இரவு பாதிப் பேருக்கு 75 மில்லிகிராம் குளோபிடோக்ரெல், ஒரே ஒரு மாத்திரை. துணுக்குகள் வெகுவாகக் குறைந்தன. ரத்தக்கசிவுச் சிக்கல் கூடவில்லை. ஆனால் தையல் போட்டு முடிக்கக் கூடுதல் நேரம் பிடித்தது.

அந்தக் கூடுதல் நேரத்தையும் அலட்சியப்படுத்த முடியாது. கழுத்தில் ரத்தம் கட்டினால் மூச்சுக்குழாயையே நெருக்கிவிடும். எனவே மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ நம் வேலை இல்லை. என் கோபமெல்லாம், "ஆபரேஷன்னா ரத்தம் நிக்காது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆஸ்பிரினைத் தானாகவே நிறுத்திவிடும் பழக்கத்தின் மேல்தான். எந்தச் சர்ஜன், எவ்வளவு செலவு, எந்த ரூம் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். "இந்த மாத்திரையைத் தொடரணுமா, முதல்நாள் ராத்திரி என்ன போடணும்?" என்றும் அந்த டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.