முதலில் குதிரையின் முதுகைப் பாருங்கள்

பேரப்பிள்ளைக்குத் தடை தாண்டும் சேணம் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்வி. என்ன விலை? உட்கார மெத்தென்று இருக்குமா? குதிரைக்குப் பொருந்துமா என்று ஒருவரும் கேட்பதில்லை. சுமப்பது அதுதானே!

இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி கப்ரில்லி (1868–1907), தாண்டும்போது பின்னால் சாயாமல் முன்னோக்கிக் குனியச் சொன்னதே குதிரையின் முதுகையும் கழுத்தையும் அதன் போக்கில் விடத்தான். அந்த முறைக்கு ஏற்பத்தான் அங்கவடி குட்டையானது, சேணத்தின் பக்கத்தோல் முன்னால் நீண்டது.

இறுக்கமாக இருந்தால் இன்னொரு மெத்தை போடலாம் என்பார்கள். கடிக்கிற செருப்புக்குள் இரண்டு காலுறை போட்டால் கடி குறையுமா?

வெறும் முதுகில் சேணத்தை வையுங்கள். ஆள் ஏறிய பிறகும் தோள்மேட்டுக்கு மேல் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நடுவில் பாலம்போல் தூக்கி நிற்கக் கூடாது. தோள்பட்டையை அழுத்தவோ, கடைசி விலா எலும்பைத் தாண்டவோ கூடாது. இவ்வளவும் சரியான பிறகு, முழங்கால் பக்கத்தோலுக்குள் அடங்குகிறதா என்று பிள்ளை பார்க்கட்டும்.

தடைக்கு முன் நின்றுவிடும் குதிரையைச் சாட்டையால் அடிக்கிறார்கள். வாயில்லா ஜீவன் முதுகுவலியை வேறெப்படிச் சொல்லும்? அடிக்கும் முன் சேணத்தைக் கழற்றிப் பாருங்கள்.