சின்னப் பழுதை மறைத்தால் பெரும் கேடு!

ஆனைக்கும் அடி சறுக்கும். மனிதன் செய்த யந்திரம் பழுதாகாமல் இருக்குமா? பழுதாகத்தான் செய்யும். பழுது ஏற்படுவது குற்றம் அல்ல. அதை மறைப்பது குற்றம். தெரிந்தும் சரி செய்யாமல் விடுவது அதைவிடப் பெரிய குற்றம்.

இது எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் பொருந்தும். அணுமின் நிலையங்களுக்கு மிகமிகப் பொருந்தும். கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது. அதற்கு வாசனை கிடையாது. கருவி காட்டினால்தான் தெரியும். கருவியைப் பார்த்தவர் வாய் திறந்து சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

திறந்த வால்வு

அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் "டேவிஸ்-பெஸ்ஸி" என்ற அணுமின் நிலையம் இருக்கிறது. 1977-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி அங்கே ஒரு வால்வு திறந்தது. திறந்தது மூடவில்லை. அணு உலையைக் குளிர வைக்கும் தண்ணீர் அதன் வழியே வெளியேறியது. ஆனால், தண்ணீர் நிறைய இருப்பதாகக் கருவி காட்டியது. ஊழியர்கள் அதை நம்பி, அவசரத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள்!

நல்ல வேளை, அன்று உலை மிகக் குறைந்த சக்தியில் ஓடிக்கொண்டிருந்தது. சுமார் 20 நிமிடத்தில் ஊழியர்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டு வழியை அடைத்தார்கள். ஆபத்து நீங்கியது.

அந்த உலையை வடிவமைத்த கம்பெனியில் பெர்ட் டன் என்ற இன்ஜினீயர் இருந்தார். நடந்ததைக் கேட்டு அவர் கவலைப்பட்டார். 1978 பிப்ரவரியில் கம்பெனி மேலாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவசரத் தண்ணீரைக் கண்டபடி நிறுத்தக் கூடாது என்று எல்லா நிலையங்களுக்கும் சொல்ல வேண்டும் என்பது அதன் கருத்து.

கடிதம் மேஜை விட்டு மேஜை போயிற்று. மின் நிலையங்களுக்கு மட்டும் போகவில்லை.

விடியுமுன் வந்த விபத்து

13 மாதங்கள் சென்றன. 1979-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி, அதிகாலை 4 மணி. பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள "மூன்று மைல் தீவு" அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தது; மூடவில்லை. இதுவும் அதே கம்பெனி வடிவமைத்த உலை. ஊழியர்கள் செய்ததும் அதே தவறு. இங்கேயும் அவசரத் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள்.

ஆனால் இந்த முறை உலை ஏறக்குறைய முழுச் சக்தியில் ஓடிக்கொண்டிருந்தது. வழியை அடைக்க 2 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதன் பிறகும் உலைக்குப் போதிய தண்ணீர் உடனே கிடைக்கவில்லை. உலையின் மையப் பகுதியில் சுமார் பாதி உருகிவிட்டது!

வெளியே பரவிய கதிர்வீச்சு குறைவுதான். ஆனால் மக்கள் பட்ட பயம் குறைவல்ல. 5 மைலுக்குள் வசித்த கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் வெளியேறுமாறு கவர்னர் யோசனை சொன்னார். அது கேட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். உலையைச் சுத்தம் செய்ய 14 ஆண்டுகள் ஆயின. செலவு சுமார் 100 கோடி டாலர். அந்த உலை மறுபடி ஓடவே இல்லை.

ஜனாதிபதி கார்ட்டர் நியமித்த கமிஷன் அந்த ஆண்டு அக்டோபரில் அறிக்கை கொடுத்தது. முந்திய எச்சரிக்கை உரியவர்களுக்குப் போய்ச் சேராததை அது எடுத்துக் காட்டியது. பிறகு அமெரிக்க மின் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. ஒரு நிலையத்தின் அனுபவத்தை மற்ற நிலையங்களுக்குச் சொல்ல, 1979 டிசம்பரில் தனி நிறுவனமே தொடங்கின.

வடிகட்டி சொன்ன சேதி

எச்சரிக்கை வந்து சேர்ந்தால் மட்டும் போதுமா? போதாது. அதே டேவிஸ்-பெஸ்ஸி இதற்கும் சாட்சி.

அங்கே கதிர்வீச்சை அளக்கும் கருவிகளின் வடிகட்டிகள் அடிக்கடி அடைத்துக்கொண்டன. அவற்றில் துரு படிந்தது. ஊழியர்கள் வடிகட்டியை மாற்றினார்கள். மறுபடி அடைத்தது, மறுபடி மாற்றினார்கள். துரு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கடைசி வரை தேடவில்லை.

2002 மார்ச்சில் உண்மை வெளிப்பட்டது. உலையின் எஃகு மூடி 6 அங்குலத்துக்கு மேல் கனமானது. கசிந்த அமிலம் அதைத் தின்று பெரிய பள்ளம் ஆக்கியிருந்தது. அந்த இடத்தில் மிஞ்சியது, அரை அங்குலம்கூட இல்லாத உள்தகடு ஒன்றுதான்! இரண்டு ஆண்டுகள் நிலையத்தை மூடிவைக்க நேர்ந்தது.

கூரை ஒழுகினால் கீழே பாத்திரம் வைக்கலாம். ஆனால் ஓட்டை அடைபடாது. ஓட்டைச் சரி செய்தால்தான் அடைபடும்.

கல்பாக்கத்தில்

இந்தப் பாடம் தமிழ்நாட்டுக்கும் உண்டு. கல்பாக்கத்தில், பயன்படுத்திய அணு எரிபொருளைப் பிரித்தெடுக்கும் ஆலை இருக்கிறது. 2003 ஜனவரி 21-ந் தேதி அங்கே ஒரு வால்வு பழுதாகி, கதிர்வீச்சு மிகுந்த கழிவுநீர் வேறு தொட்டிக்குள் புகுந்துவிட்டது. அது தெரியாமல் வேலை செய்த 6 ஊழியர்கள், அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். எச்சரிக்க வேண்டிய கருவி அந்த இடத்தில் இல்லை. பல மாதங்கள் கழித்தே செய்தி பொதுமக்களுக்குத் தெரிந்தது.

செய்ய வேண்டியது என்ன?

பழுதைச் சொல்லும் ஊழியருக்குத் தண்டனை கூடாது, பாராட்டு வேண்டும். அவர் பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி, ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும் சரி, அவர் சொல்லுக்கு ஒரே மதிப்பு வேண்டும்.

சொன்னதை ஏட்டில் எழுதியதோடு நிற்கக் கூடாது. மூல காரணம் என்ன, சரி செய்பவர் யார், எந்தத் தேதிக்குள் என்று குறிக்க வேண்டும். வேலை முடிந்ததா என்று வேறொருவர் நேரில் பார்க்க வேண்டும். பிறகுதான் கணக்கை மூட வேண்டும்.

ஓர் இடத்தில் நேர்ந்ததை எல்லா நிலையங்களுக்கும் உடனே சொல்ல வேண்டும். சுற்றுப்புற மக்களுக்கும் எளிய தமிழில் சொல்ல வேண்டும். மறைத்தால் வதந்தி பரவும். சொன்னால் நம்பிக்கை வளரும்.

வாலிபர்களை வேலைக்கு அனுப்பிவிட்டு, வீட்டிலே தாயும் மனைவியும் காத்திருக்கிறார்கள். அவர்கள் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும். அதற்கு நல்ல கருவிகள் தேவை. பயமில்லாமல் உண்மையைச் சொல்லும் வாயும் தேவை. அதைக் கேட்டு உடனே செயல்படும் நிர்வாகமும் தேவை.