மொய்ப் பை

எங்கள் ஊர்த் திருவிழாவில் தேர் நிலைக்கு வந்த பிறகு புளியமரத்தடியில் லங்கர் கட்டை உருளும். விரித்த படுதாவில் ஆறு படங்கள்: கிரீடம், நங்கூரம், ஆட்டின், இஸ்பேட், டைமன், கிளாவர். லங்கர் என்றாலே நங்கூரம்தான். வெள்ளைக்கார மாலுமிகள் கப்பலில் ஆடிய ஆட்டம் இது. கட்டைக்காரர் மூன்று கட்டைகளை டப்பாவில் போட்டுக் குலுக்கி, ‘வை ராஜா வை’ என்று கவிழ்ப்பார்.

ஒரே ராத்திரியில் என் பெரியப்பா அங்கே ஒரு ஜோடி மாட்டின் விலையை விட்டார். அப்போது எனக்குப் பத்து வயது. அடுத்த முகூர்த்தத்திலிருந்து எந்தக் கல்யாணத்திலும் அவரை மொய் எழுத உட்கார வைக்கவில்லை. ஊரிலேயே அழகான கையெழுத்து அவருடையது. கடை போட்டவருக்கோ மறு வருஷமும் உபயதாரர் என்று கோயிலில் மாலை விழுந்தது. அந்த மாலை இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

கல்லூரியில் சேர்ந்த பிறகு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மூன்று கட்டையும் விழக்கூடிய வகை 216. அதில் 125 முறை நாம் பணம் வைத்த படம் வராது. தடவைக்கு ஒரு ரூபாய் வைத்தால், ஒரு கட்டைக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று ஜெயிப்பதெல்லாம் கூட்டினாலும் 108 ரூபாய்தான். மீதி 17 ரூபாய் கடைக்காரர் மடியில். கட்டையில் ஒரு தில்லுமுல்லும் வேண்டாம். விடியும்வரை ஆட்டம் நடந்தால் போதும்.

சூதாடியைத் தள்ளி வைப்பது இன்று நேற்று வந்ததல்ல. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், 34ஆவது பாடலில் சூதாடி ஒருவன் தானே பேசுகிறான். அன்று உருட்டியது தான்றிக்காய். இன்று திரிபலாவில் சேர்க்கிறோமே, அதேதான். மாமியார் வெறுக்கிறாள், பெற்றவர்களே ‘இவனைத் தெரியாது, கட்டி இழுத்துப் போங்கள்’ என்கிறார்கள். வள்ளுவர் கள்ளுக்கு அடுத்தே சூதை வைத்தார். அவர் கழகம் என்று சொன்னது சூதாடும் இடத்தை. பல்கலைக்கழகம்வரை அந்தச் சொல்லை நாம் கரையேற்றிவிட்டோம்.

பெண்டாட்டியையே பணயம் வைத்தவருக்கு தர்மராஜா கோயில் கட்டியிருக்கிறோம். பகடைத் துகில் கூத்து நடக்கும்போது அவருக்காக ஊரே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அழுத அதே ஜனங்கள்தான் என் பெரியப்பாவைக் கண்டால் திண்ணையை விட்டு எழுந்து போனார்கள். அவர் செய்தது தப்புதான். பெரியம்மாவின் வெறுங்கழுத்தைப் பார்த்தவன் நான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் கட்டையைத் தொடவே இல்லை. இருபது வருஷம் தொடாமலிருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

என் கல்யாணத்துக்கு மொய் எழுத அவரைத்தான் உட்கார வைக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அப்பா ராத்திரி முழுக்கப் பேசவில்லை. காலையில் அவரே மஞ்சள் பையைக் கொண்டுபோய், “அண்ணே, நீயே வச்சிக்க” என்றார். பந்தி முடியும்வரை பெரியப்பா எழுந்திருக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன். பையை மடியில் அணைத்துக்கொண்டு, “முதல்ல எண்ணிப் பாத்துடு சாமி” என்றார்.